ஒரு பாட்டு வாசிங்க, மாப்ளே

நாற்பது தாண்டிய ஆம்பளை திடீரென்று ஒரு நாள் கிடார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றால், கட்டினவள் என்ன நினைப்பாள்? நான் நினைத்ததைத்தான் எவளும் நினைப்பாள். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

என் வீட்டுக்காரர் பேர் வினோத்குமார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடியலில் கம்பெனி வேன் ஏறினால் மூன்றரை மணிக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே நிறுத்தியிருக்கும் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதையும் மாட்டையும் பார்ப்பது நான். ஒரே மகள் செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணமான நாள் முதல் அவர் ஒரு பாட்டை முணுமுணுத்து நான் கேட்டதில்லை. திருவிழாவுக்குப் பாட்டுக் கச்சேரி வைத்தால் பாதியில் தலை தொங்கிவிடும். அப்படிப்பட்டவர் கறுப்பு உறை போட்ட ஒரு கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"இன்னாது இது?" என்றேன்.

"கிடாரு. ஐசக் குடுத்தான். புதுசு ஒண்ணு வாங்கிக்கினான், பழசு சும்மாதான கீது, எத்துக்கினு போய்க் கத்துக்கோன்னான்."

ஐசக் அவரோடு வேலை செய்கிறவர். வாலாஜாபாத்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிடார் வாசிப்பார்.

"இன்னா கத்துக்கப் போறீங்க? சினிமாப் பாட்டா, சாமிப் பாட்டா?"

"ஜாஸு" என்றார்.

அது என்ன எழவு என்று கேட்டேன். ஏதோ அமெரிக்கச் சங்கீதமாம், அதற்குமேல் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "வேன்ல வரச்சொல்ல போன்ல ஒரு தபா கேட்டேன். நாலு கம்பி ஒண்ணா சேந்து ஒரு கார்டு வந்துச்சி பாரு, அடிவயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சி. ஏன்னு தெர்ல சசி."

மகள் பிறந்த அன்றைக்குக்கூட "சரி, நல்லா கீறியா?" என்று மட்டும் கேட்ட மனுஷன். அவருக்கு அடிவயிற்றில் ஒரு மாதிரி ஆகிறதாம். எனக்கு அங்கேயே உறுத்த ஆரம்பித்துவிட்டது.

என் சந்தேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் என்னைப் பிடாரி என்பீர்கள். என் பிறந்த ஊர் ஐயங்கார்குளம். என் நைனா சடையப்பன் சனிக்கிழமை தவறாமல் பஜனைக்குப் போகிறேன் என்று வாலாஜாபாத் போவார். வெள்ளை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று நாமம், கையில் ஜால்ரா. அந்த ஜால்ராவைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தனுப்புவது என் அம்மா தாயாரம்மாள். வருஷக்கணக்காகத் தேய்த்தாள். "அண்ணன் இன்னாமா பாடறாரு தெரியுமா?" என்று நைனாவின் கூட்டாளிகள் வீட்டு வாசலில் நின்று சத்தியம் பண்ணுவார்கள்.

ஒரு மார்கழியில் எங்கள் ஊர்க் கோஷ்டியில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "சடையப்பா, நீதான் வாரம் தவறாம பாடறியே, ஒரு பாட்டு எடுத்து வுடு" என்றார்கள். நைனா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். ஒரு வரி வரவில்லை. தாளம்கூடப் போடத் தெரியவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வாலாஜாபாத்தில் நைனாவுக்கு இன்னொரு குடித்தனம் இருந்தது. கூட்டாளிகள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்த ஆம்பளை பாட்டு என்று வாயெடுத்தாலும் சோதனை ஒன்றுதான்: ஒரு பாட்டு பாடு, பார்க்கலாம். என் அண்ணன் முத்துகிருஷ்ணன் தன் மச்சினனையே அப்படிச் சோதித்திருக்கிறார். பாவம், அவன் நிஜமாகவே கோயில் பாட்டு கற்றுக்கொண்டவன். அழுதுகொண்டே முழுப் பாட்டையும் பாடி முடித்தான்.

எனவே கிடார் வந்த அன்றைக்கே நான் மனதில் ஒன்று போட்டுக்கொண்டேன். இவருக்கும் அப்படி ஒரு கதை இருந்தால், அம்மா மாதிரி ஜால்ரா தேய்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அப்புறம் இந்த வீட்டில் ஒரு வேளை சோறு பொங்க மாட்டேன்.

முதல் சில நாள் கூடத்தில் உட்கார்ந்துதான் வாசித்தார். வாசித்தார் என்று சொல்வது பெரிய வார்த்தை. ஒரு கம்பியை இழுப்பார், 'டொய்ங்' என்று வரும். அப்புறம் விரலைப் பிசைந்து பிசைந்து எங்கெங்கோ வைத்து மூன்று நான்கு கம்பியைச் சேர்த்து இழுப்பார். நெஞ்சைப் பிசைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாங்க இது, எழவு வூடு மாதிரி? யாரு பூட்டாங்கன்னு தெருவுல கேக்கப் போறாங்க" என்றேன்.

கிடாரை உறையில் போட்டார். மறுநாள் டீ குடித்த கையோடு அதை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனார். எங்கள் கிணற்றோரம் மோட்டார் ரூம் இருக்கிறது. ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு ஆம்பளை உள்ளே என்ன செய்வான்? நீங்களே சொல்லுங்கள்.

கூடவே வேறு சில மாற்றங்கள். இடது கை நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்வார். புதுசாக இயர்போன் வாங்கினார். போனுக்கு லாக் போட்டார். ஏன் என்று கேட்டால், "ஜோப்புல கெடக்கச்சொல்ல அதுவா கால் பூடுது" என்றார். ஒரு நாள் அவர் தூங்கும்போது கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. கம்பெனியில் இரும்பைப் புரட்டுகிற கை, காய்க்காமல் என்ன செய்யும்? அது சாட்சி ஆகாது.

எதிர்வீட்டுச் செவ்வந்தி வேறு வந்து வத்தி வைத்தாள். அவள் ஆடு ஓட்டிக்கொண்டு எங்கள் கிணற்றுப் பக்கம் போகிறவள்.

"யக்கா, நான் சொன்னேன்னு சொல்லாத. அண்ணன் ஸ்டார்ட்டர் பொட்டி மேல போனச் சாச்சி வெச்சிக்கினு ஒக்காந்து கீறாரு. கொஞ்சம் வாசிக்கிறாரு. அப்பறம் நிறுத்திட்டு போனையே பாத்துக்கினு கீறாரு. பாத்துச் சிரிக்கிறாரு யக்கா. எதுர்ல யாரோ ஒக்காந்துகீற மாதிரி."

"ஆம்பளயா பொம்பளயா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? ஜன்னல் போனுக்குப் பின்னாடி கீதே."

அன்று ராத்திரி சோறு போடும்போது நைசாகக் கேட்டேன். "அப்பிடி இன்னாதான் கத்துக்கிறீங்க அங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். "கார்டுன்னா மூணு நாலு சொரம் ஒண்ணா சேந்து வர்றது. அதே சொரத்த ஒண்ணு ஒண்ணா தனியா வாசிச்சின்னா அது ஆர்பெஜியோ. மோடுன்னா ஏணி மாதிரி. ஏணி ஒண்ணுதான், ஆனா எந்தப் படியிலேர்ந்து ஏற ஆரம்பிக்கிறியோ அதுக்கேத்த மாதிரி அதோட மொகம் மாறிடும். ரெண்டாவது படியிலேர்ந்து ஏறுனா அதுக்குப் பேரு டோரியன். சோகமாவும் இருக்கும், சோகமா இல்லாமயும் இருக்கும்."

இவ்வளவு விளக்கமாகப் பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை. பொய் சொல்கிறவன்தான் இப்படி விலாவாரியாகச் சொல்வான். எங்கள் நைனாகூட எந்தத் தெருவில் எந்த மண்டபத்தில் பஜனை, என்ன சுண்டல் கொடுத்தார்கள் என்பது வரை சொல்லுவார்.

மறுநாள் நான் கத்தியும் கூடையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாட்டுக்குப் புல் அறுக்கிற சாக்கு. மோட்டார் ரூமின் பின்சுவர் ஓரம் புல் நன்றாக வளர்ந்திருந்தது. இல்லாவிட்டாலும் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

உள்ளேயிருந்து முதலில் கேட்டது அவர் குரல். "இரு இரு... மெதுவா." கொஞ்சம் கம்பிச் சத்தம். "இன்னொரு தபா." மறுபடியும் கம்பி. "ஆங்... இப்ப சரி." அப்புறம் அமைதி. யாரோ பதில் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற அமைதி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சுவரில் செங்கல் பெயர்ந்த ஒரு சந்து இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தேன். செவ்வந்தி சொன்னது நிஜம்தான். போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை வீட்டில் நான் பார்த்ததில்லை. போனின் முதுகுதான் என் பக்கம் தெரிந்தது. காதில் இயர்போன். அந்தப் பக்கம் இருப்பவள் பேச்சு எனக்கு எங்கே கேட்கும்?

அவள் பேரையாவது ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிடுவார் என்று தினமும் போனேன். மாதக்கணக்கில் போனேன். எங்கள் மாடு அந்த வருஷம் தின்ற மாதிரி என்றைக்கும் புல் தின்றதில்லை.

பேர் கிடைக்கவில்லை. ஆனால் காது கொடுத்து உட்கார்ந்தால் காதில் விழுவதெல்லாம் உள்ளே போய்த் தங்கிவிடுகிறது, என்ன செய்ய? முதலில் அந்த ஏணி. கீழேயிருந்து ஒவ்வொரு படியாக ஏறுவார். ஐந்து படி சரியாக ஏறுவார். ஆறாவதில் வழுக்குவார். அது கொஞ்சம் மேலே போகவேண்டிய இடம். இவர் விரல் கீழேயே நின்றுவிடும். உடனே 'ச்' என்று நாக்கைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடியும் அதே இடத்தில் வழுக்கல். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குப் பல் கூசும். அட மேலே போய்யா, மேலே போ என்று புல்லைப் பிடுங்குவேன்.

அப்புறம் மூன்று கார்டு, ஒன்றன் பின் ஒன்றாக. முதலாவது வந்து தயங்கும். இரண்டாவது எங்கோ போக அவசரப்படும். மூன்றாவது வந்து சேரும். ஆனால் முழுசாக வந்து சேராது, வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றாமல் நிற்கும். முதல் தடவை கேட்டபோது ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். கேட்கக் கேட்கத்தான் அது அப்படித்தான் நிற்கவேண்டும் என்று புரிந்தது. மழை பெய்து நான் போக முடியாத ஒரு நாள், அடுப்படியில் நின்றுகொண்டு அந்த மூன்றாவதுக்காக என் காது காத்திருந்தது. எனக்கே எரிச்சலாகிவிட்டது. உன் புருஷன் எவளுக்கோ வாசிக்கிறான், நீ தாளம் போடுகிறாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விஷயம் வெடித்தது ஒரு சனிக்கிழமை.

"நாளைக்கி காத்தால வாலாஜாபாத் போறேன் சசி. ஐசக் வூட்ல கொஞ்ச நேரம் சேந்து வாசிக்கலாம்னு கூப்புட்டான்" என்றார்.

வாலாஜாபாத். பாட்டு. கூட்டாளி வீடு. எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். முத்துகிருஷ்ணன் அண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"நாளைக்கி அவரப் போவ வுடாத. நான் வர்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இவர் கிடாரை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது கார் வந்து நின்றது. அண்ணனும் எங்கள் பங்காளிகள் இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். அண்ணன் கையை நீட்டவில்லை. "அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். பிறந்த வீட்டு ஆட்கள் வந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையென்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வழக்கு தீராமல் கை நனைக்க மாட்டார்கள். இவர் முகம் செத்துவிட்டது. பக்கத்துத் தெருவிலிருக்கும் தன் சித்தப்பா வேதகிரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் சட்டையைப் போட்டபடியே ஓடிவந்தார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் நிலைப்படியில் நின்றேன்.

"மாப்ளே, தெனம் மோட்டார் ரூம்ல கதவச் சாத்திக்கினு இன்னா பண்றீங்க?" என்றார் அண்ணன்.

"கிடாரு கத்துக்கிறேன் மச்சான்."

"யாருகிட்ட?"

"போன்லதான். ஒரு வாத்தியாரு பாடம் எடுத்து வெச்சிகீறாரு. அத்தப் பாத்து..."

"போனத் தொறந்து குடுங்க."

திறந்து கொடுத்தார். அண்ணனும் பங்காளிகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் கிடாரை வைத்துக்கொண்டு வாசித்தார், நிறுத்தினார், சும்மா உட்கார்ந்திருந்தார், மறுபடி வாசித்தார்.

"இன்னா, நடுவுல சும்மா ஒக்காந்து கீறாரு?"

"அந்த எடத்துல நம்ம வாசிக்கணும் மச்சான். அவரு கொஞ்சம், நம்ம கொஞ்சம். சரியா வந்துச்சின்னா அவருக்குப் பதில் சொன்ன மாதிரி இருக்கும்."

செவ்வந்தி பார்த்த சிரிப்பு இதற்குத்தானா? நான் கேட்ட 'மெதுவா', 'இன்னொரு தபா' எல்லாம் அவர் தனக்கே சொல்லிக்கொண்டதா? ஆனால் அண்ணன் போனை மடியில் வைத்துக்கொண்டார். "இதுல இருக்கறது சரி. அழிச்சது எது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"ஐசக்குக்குப் போன் போட்டுக் கேளுங்க மச்சான். அவன் சொல்லுவான்."

"தோஸ்து சொல்ற சாட்சி எங்க குடும்பத்துல செல்லாது" என்றார் அண்ணன். என் நைனாவின் கதை இவருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். "பெரிசா ஒண்ணியும் வாணாம். இத்தினி மாசமா கத்துக்கினு கீறீங்க. ஒரு பாட்டு வாசிங்க, மாப்ளே. ஒரே ஒரு பாட்டு."

எனக்குத் தெரியும். இவருக்கு ஒரு பாட்டும் தெரியாது. இத்தனை மாதத்தில் பாட்டு என்று ஒன்றை இவர் வாசித்து நான் கேட்டதேயில்லை.

"பாட்டு... பாட்டு இன்னும் வரல மச்சான். கார்டு, மோடு, ஆர்பெஜியோ அதான் போய்க்கினு கீது. அது கைல ஒக்காந்தாதான்..."

"ஒரு பாட்டுகூடவா?" என்றார் ஒரு பங்காளி. "எங்க தெருவுல ஒரு பையன் கீபோர்டு வாங்கி ஒரு மாசத்துல சினிமாப் பாட்டு வாசிக்கிறான்."

"தெரிஞ்சத வாசிடா" என்றார் வேதகிரி சித்தப்பா, கெஞ்சுகிற குரலில்.

"பின்னாடி டிரம்ஸும் பேஸ் கிடாரும் கேக்கணும் சித்தப்பா. நான் வாசிக்கிறது அதுக்கு நடுவுலதான் வரும். போனக் குடுத்தா..."

அண்ணன் போனைக் கொடுக்கவில்லை.

இவர் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று கார்டையும் வாசித்தார். மூன்றாவது வந்து அப்படியே நின்றது.

"அவ்ளோதானா? முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சி."

"முடிஞ்ச மாதிரியே இல்லியே."

பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா தரையைப் பார்த்தார். இவர் அவசர அவசரமாக ஏணியை ஆரம்பித்தார். ஐந்து படி ஏறினார். ஆறாவதில் வழுக்கினார். நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் வழுக்கினார். நெற்றியில் வேர்த்து வழிந்தது. அன்றைக்கு மார்கழியில் நைனா வாயைத் திறந்துகொண்டு நின்ற மாதிரிதான் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணன் எழுந்தார். குரல் உயரவேயில்லை. "சசி, துணிய எடுத்து வையி. வண்டில ஏறு."

நான் கேட்ட தீர்ப்பு இதுதான். இதற்காகத்தான் போன் போட்டேன். ஆனால் கால் நகரவில்லை. இவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து கம்பியைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது தடவையாக அந்த ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடியும் விரல் கீழே போய் உட்காரப் போனது.

"அது இல்ல!" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. "அந்த எடம் மேல போணும்."

எல்லாரும் திரும்பினார்கள். அவரும் நிமிர்ந்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் முனகிக் காட்டினேன். ஐந்து படி, அப்புறம் அந்த ஆறாவது, அதன் உயரத்தில். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. ஆனால் படி தப்பவில்லை.

அவர் விரல் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. ஏணி முழுசாக மேலே போய், முழுசாக இறங்கி வந்தது.

"இப்ப தனித்தனியா அந்த மூணு கார்டு. அதான வரும் அப்பறம்?" என்றேன்.

வாசித்தார். ஒவ்வொரு சுரமாக, தப்பில்லாமல். கடைசிச் சுரம் வாசலில் வந்து நின்றது.

"இது இப்பிடித்தான் முடியும்ணா" என்றேன். "முடியாத மாதிரிதான் முடியும்."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெனம் கேக்கறேன். செவுத்துக்கு வெளிய ஒக்காந்து."

"தெனமும் இதத்தான் வாசிக்கிறாரா?"

"இதத்தான்."

"எவகூடயாவது பேசிக் கேட்டியா? நெசத்தச் சொல்லு."

"இல்ல."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லண்ணா."

அண்ணன் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை. கற்றுக்கொள்ளாதவன் வாசிப்பதைத் தினமும் கேட்டிருக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "இன்னா பேஜார் புடிச்ச பொம்பளடி நீ" என்று பல்லைக் கடித்தார். அப்புறம், "தண்ணி குடு" என்றார்.

நான் இட்லியும் வைத்தேன். சாப்பிட்டார்கள். "மாப்ளே, மனசுல வெச்சிக்காதீங்க" என்று அண்ணன் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவரும் "அதுக்கு இன்னா மச்சான்" என்றார். கார் போய்விட்டது. சித்தப்பாவும் போனார். வாலாஜாபாத் போகிற பேச்சை இவர் எடுக்கவேயில்லை. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே வைத்தார்.

"எல்லா நாளுமா வந்தே?" என்று கேட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு.

"மழை அன்னிக்கி மட்டும் வர்ல."

"அப்ப தப்பு மொத்தமும் கேட்டுகீறே."

நான் எச்சில் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"ஒண்ணாவது ஒயுங்கா முழுசா வந்ததும் ஒன்ன இட்டுக்கினு போயி ஒக்கார வெச்சி வாசிச்சிக் காட்டணும்னு இருந்தேன். எழவு வூடு மாதிரி கீதுன்னு சொன்னியே. அதுவரிக்கும் தப்பு ஒண்ணும் ஒன் காதுல வுழக்கூடாதுன்னுதான் தாப்பா போட்டுக்கினேன்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இதை முன்னமே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? வாயில் என்ன கொழுக்கட்டையா? சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்று கேட்டுவிடாதீர்கள். நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் வழக்கம்போல வேலைவிட்டு வந்தார். டீ குடித்தார். கிடாரை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் கிளம்பினேன். கத்தி, கூடை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பின்சுவர்ப் பக்கம் போகாமல் நேராக வாசலுக்கே போனேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். கிடார் மடியில் இருந்தது. இயர்போன் கழுத்தில் தொங்கியது.

"வாசிங்க" என்றேன்.

"வர்ல."

"நேத்து நல்லா வந்துச்சே."

"நேத்து வேற." கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இப்ப எதுக்கு வந்தே?"

"கேக்கத்தான்."

"கேட்டு?"

"சும்மா. எனக்குப் புடிச்சிகீது, அதான்."

சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொன்னதில் இதைவிட நிஜமான வார்த்தை கிடையாது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல், எங்கேயாவது ஒரு சுளிப்பு தெரிகிறதா என்று தேடித் தேடிப் பார்த்தார். நானும் பார்வையை விலக்காமல் நின்றேன்.

"மச்சான் பாத்துட்டு வரச் சொன்னாரா?" என்று கேட்டார்.